கோச்கோர்பாயெவ் கண் இமைப்பதில்லை

கரா-சாய் மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் பாடம் ஒரு கிடாயின் கழுத்தை அறுத்துத்தான் தொடங்கியது.

இதில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. தலைநகரிலுள்ள அயல்மொழி மையத்திலிருந்து லாரியில் ஒரு பெரிய திரை வந்து வகுப்பறைச் சுவரில் மாட்டப்பட்டது. அதில் ஓர் ஆசிரியை தோன்றிப் பாடம் நடத்தப்போகிறார். தோன்றப்போகிறவர் விருந்தாளி. விருந்தாளி வந்தால் கிடா வெட்ட வேண்டும். "வர்றவங்களுக்கு உடம்பு இல்ல, மூஞ்சி மட்டும்தான் இருக்குங்கிறதுக்காக மரியாதைய விட்டுட முடியுமா?" என்று தலைமையாசிரியர் தொக்தோசுன் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டார். முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர் உடற்பயிற்சி ஆசிரியர் சகீனைக் கூப்பிட்டுக் கத்தியைக் கையில் கொடுத்தார்.

சகீனுக்கு ஜெர்மன் தெரியாது. அந்தப் பள்ளியில் யாருக்குமே தெரியாது. திரையைத் தனியாளாகத் தூக்கி மாட்டினான் என்ற ஒரே தகுதியை வைத்து அவனைத் 'தொலைதூர அயல்மொழிக் கல்வி உதவியாளர்' ஆக்கியிருந்தார்கள். திரையைப் போட வேண்டும், அணைக்க வேண்டும், நடுவில் பிள்ளைகள் அசையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அறுப்பதற்கு முன் கிடாயை விருந்தாளிக்குக் காட்டி ஆசி வாங்குவது வழக்கம். ஆகவே கிடாயைத் திரைக்கு முன் தள்ளி, காலைக் கட்டி, கழுத்தை முறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இணைப்பு வரவில்லை. கிடாய் உதைத்ததில் ஒரு பெஞ்சு உடைந்தது. ஒரு பையனின் மூக்கும் உடைந்தது. இனிமேல் பிடிக்க முடியாது என்று சகீன் கத்தியை இழுத்த அதே நொடியில் இணைப்பு வந்து தொலைத்தது. பீய்ச்சிய ரத்தம் நேராகக் கேமராவில் அடித்தது.

"வணக்கம் குழந்தைகளா!" என்றார் ஆசிரியை குல்சாரா, தலைநகரில் உட்கார்ந்தபடி. "அங்க ஏன் எல்லாம் செவப்பா தெரியுது? விளக்கைச் சரி பண்ணுங்க."

கேமராவை ஈரத் துணியால் துடைத்தார்கள்; விளக்கு சரியானது.

மத்தியானப் பாடத்தின்போது கிடாயின் தலை வெந்து வந்தது. தலை, வந்தவர்களில் பெரியவருக்கு உரியது. அதன் மூக்கு அவரைப் பார்த்திருக்க வேண்டும். தொக்தோசுன் தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் முன் மேஜையில் வைத்து, மூக்கைத் திரையின் பக்கம் திருப்பி, குனிந்து வணங்கினார். திரைக்கு மேலேதான் கேமரா இருந்தது. அன்று அந்த ஊரில் நடந்த ஒரே தவறு அதுதான். அதுவும் மரியாதையால் நடந்தது.

மறுநாள் மையத்தின் ஒழுங்குப் பிரிவிலிருந்து போன் வந்தது. தொக்தோசுன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசினார்.

"ஒங்க வகுப்புல மென்பொருள் இருபது முகம் எண்ணியிருக்கு. பதிவானது பத்தொம்பதுதான். யார் அந்தப் பையன்?"

"எந்தப் பையனுங்க?"

"முன் மேஜைல தாடைய வச்சுக்கிட்டு இருந்தானே, அவன். உக்கார்ற விதம் சரியில்ல. ஆனா கவனிச்சான். மத்தவங்க யாரும் அந்த மாதிரி கவனிக்கல."

பக்கத்தில் நின்ற சகீன், "உண்மையச் சொல்லிடுங்க சார்" என்று கிசுகிசுத்தான்.

தொக்தோசுன் போனை உள்ளங்கையால் பொத்தினார். "சொல்லிட்டு? ஒரு வகுப்புக்கு இருபது முகம் இருக்கணும்னு விதி. நம்மகிட்ட பத்தொம்பது. தொடர்ந்து மூணு பாடத்துல ஒரு முகம் கொறஞ்சாலும் பள்ளிக்கூடத்தை மூடி, அத்தனை பேரையும் கணவாய்க்குக் கீழ இருக்கிற விடுதிப் பள்ளிக்கு ஏத்திடுவாங்க. உம் பொண்ணு பெர்மெத்துக்கு மூட்டை கட்டுறியா? கட்டு. இப்பவே சொல்லிடுறேன்."

சகீன் போனிலிருந்து இரண்டடி விலகி நின்றான்.

அந்த விடுதிப் பள்ளியைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவன் அண்ணன் மகன் அங்கே ஒரு குளிர்காலம் படித்தான். திரும்பி வந்தபோது முன்பல் இரண்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தான். அவற்றை உடைத்தது யார், எதற்காக என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டான். ஆள் நடக்கிற சத்தம் கேட்டாலே கையைத் தூக்கி முகத்தை மறைப்பான். பெர்மெத்துக்குப் பதின்மூன்று வயது. அவள் அம்மா மாஸ்கோவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தாள். போகும்போது சகீனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: பெண்ணை அந்த விடுதிக்கு மட்டும் அனுப்பாதே. தலை போனாலும் அனுப்ப மாட்டேன் என்று அவன் சத்தியம் செய்திருந்தான்.

"புதுப் பையன்ங்க" என்றார் தொக்தோசுன் போனில். "கோச்கோர்பாயெவ். மேய்ச்சல் பக்கத்துலேர்ந்து வந்திருக்கான்."

அந்த ஊர் மொழியில் கோச்கோர் என்றால் கிடாய். மேய்ச்சல் பக்கத்திலிருந்து வந்தது என்பதும் உண்மை. மையத்துக்கு அவர் அன்று சொன்னதில் பொய் என்று எதுவும் இல்லை.

அதன்பிறகு முன் மேஜையில் எப்போதும் ஒரு கிடாத் தலை இருந்தது; பாடம் ஒழுங்காக நடந்தது. ஒழுங்கு என்றால் என்னவென்று மையம் எழுதி அனுப்பியிருந்தது. பிள்ளைகள் பேசக்கூடாது, அதனால் கிராமத்துப் பள்ளிகளின் ஒலிவாங்கிகளை மையமே பூட்டி வைத்திருந்தது. பிள்ளைகள் அசையக்கூடாது, அசைந்தால் மென்பொருள் மதிப்பெண்ணைக் குறைக்கும். குல்சாரா அம்மாள் வந்ததும் ஜெர்மன் மொழியில், "நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேட்பார். பூட்டிய ஒலிவாங்கியில் பதில் சொல்ல வழியில்லை. தலையாட்டலாம் என்றால் அது அசைவு. ஆகவே அவர் மறுபடி கேட்பார். படம் உறையும், திரும்ப வரும், மறுபடி கேட்பார். அப்படியே மணி அடித்துவிடும். முதல் பனி விழுவதற்குள் கரா-சாய் பிள்ளைகள் அந்த ஒரு வாக்கியத்தை ஜெர்மன்காரர்களே வெட்கப்படும் அளவுக்குச் சுத்தமாகக் கற்றுக்கொண்டார்கள். வேறு எதையும் கற்கவில்லை. பெர்மெத் அடுப்படியில் நின்றுகொண்டு அதைப் பாட்டாகவே பாடுவாள். சகீனுக்கும் அதன் அர்த்தம் புரிந்துபோனது.

குளிர்காலத்துக்கு இறைச்சி சேர்க்கும் காலம் வந்தது. ஊர் முழுக்கக் கத்தி தீட்டும் சத்தம். அதே நேரத்தில் பிள்ளைகள் குறைய ஆரம்பித்தார்கள். ஒருவனைப் பட்டி காவலுக்கு அப்பன் இழுத்துக்கொண்டு போனான். இன்னொருத்தியைக் குடல் கழுவ அம்மா நிறுத்திக்கொண்டாள். ஒரு பாடத்தில் பதினைந்து முகம்தான் தேறியது. தொக்தோசுன் இரவெல்லாம் தூங்காமல் காலையில் சகீன் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தலை வேணும். அஞ்சாறு."

"எதுக்கு சார்?"

"ஒண்ணை எண்ணுனது மத்ததை எண்ணாதா?"

எண்ணியது. ரோமத்தைப் பொசுக்கிய தலையைவிட ரோமத்தோடு இருக்கும் தலையை அது நன்றாகவே எண்ணியது. குல்லா வைத்து, கழுத்தில் துண்டு சுற்றினால் இன்னும் நன்றாக எண்ணியது. ஒரு கிடாயின் தலை கெட்டுப்போய் வேறொன்றை மாற்றி வைத்தால் பழைய மாணவன் என்றே ஏற்றுக்கொண்டது. அவ்வளவு அறிவு அதற்கு. சகீன் வாரம் இரண்டு முறை வீடு வீடாகப் போய், "தலைய மட்டும் பள்ளிக்கூடத்துக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, கோணியில் போட்டு முதுகில் தூக்கி வந்தான். அவன் சட்டைக் காலர் எப்போதும் ரத்தத்தில் விறைத்தே இருந்தது. துவைத்தாலும் அந்த நிறம் போகவில்லை.

ஒரே ஒரு சங்கடம். அடுப்பு மூட்டினால் தலைகள் இளகி ஒழுகின. ஆகவே அடுப்பு மூட்டுவதை நிறுத்தினார்கள். உயிரோடு இருந்த பிள்ளைகள் நடுங்கினார்கள். நடுக்கம் என்பது மென்பொருளுக்கு அசைவு. மாதக் கடைசியில் வந்த பட்டியலில் முதல் ஆறு இடமும் தலைகளுக்குப் போனது. கோச்கோர்பாயெவ் முதலிடம்.

"கோச்கோர்பாயெவைப் பாத்துக் கத்துக்கங்க" என்றார் குல்சாரா அம்மாள் திரையில். அவர் கண்ணில் உண்மையாகவே நீர் கோத்திருந்தது. "ரெண்டு மாசமா ஒரு தடவைகூட அவன் கண்ணை அங்க இங்க ஓடவிடல. நான் இத்தனை வருஷம் பாடம் நடத்துறேன், எங்கிட்ட இவ்வளவு மரியாதையா யாரும் இருந்ததில்ல. மத்த நீங்கள்லாம் எதுக்கு வர்றீங்க?"

மையத்திலிருந்து எச்சரிக்கை வந்தது: நடுங்கும் மாணவர்களைக் கட்டுப்படுத்தவும். தொக்தோசுன் முதலில் அளவுகோலால் விரல் முட்டிகளில் அடித்தார். அடித்தால் இன்னும் நடுங்கினார்கள். பிறகு லாயத்திலிருந்து குதிரையின் முன்காலைக் கட்டும் வார்களைக் கொண்டுவந்து கொடுத்து, மேஜையோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். சகீன் ஒவ்வொருவராகக் கட்டினான். பெர்மெத்தின் மணிக்கட்டையும் அவன்தான் கட்டினான்.

"இறுக்கமா இருக்குப்பா."

"ஆடாம இருந்தா வலிக்காதும்மா."

"கோச்கோர்பாயெவுக்கு மட்டும் ஏன் கட்டல?"

பக்கத்துப் பையன்கள் சிரித்தார்கள். சகீனும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. வெளியே போய்ப் பனிக்கட்டியில் ஓங்கிக் குத்தினான். கை முட்டி பிளந்தது.

ஒரு நாள் பாட நடுவில் நாய்கள் புகுந்தன. இரண்டு வாரமாகவே அவை பள்ளியைச் சுற்றி வந்துகொண்டிருந்தன. ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஆறேழு ஓநாய் விரட்டும் நாய்கள் உள்ளே பாய்ந்தன. வார் போட்டுக் கட்டிய பிள்ளைகள் எழுந்து ஓட முடியாமல் அலறினார்கள். ஒரு நாய் இரண்டாம் இடத்து மாணவனைக் கவ்வியது. இன்னொன்று அவன் காதைப் பிடித்தது. இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் தாடை தனியாக வந்தது. சகீன் வார் அறுக்கும் கத்தியோடு நடுவில் விழுந்தான். இரண்டு நாய்களைக் குத்தினான், ஒன்று அவன் தொடையில் சதையைப் பிடுங்கிக்கொண்டு போனது. தரையெல்லாம் ரத்தம்; அதில் எது நாயுடையது, எது கிடாயுடையது, எது அவனுடையது என்று பிரிக்க முடியவில்லை.

திரையில் குல்சாரா அம்மாள், "நான் பேசுவது கேட்கிறதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மாலையில் மையத்தின் அறிக்கை வந்தது. அனுமதி பெறாமல் ஒரு மாணவன் நாயுடன் வகுப்பை விட்டு வெளியேறினான். அவனுக்கு ஐந்து மதிப்பெண் குறைக்கப்படுகிறது. உதவியாளர் பாட நேரத்தில் தரையில் உருண்டார்; வருந்தத்தக்கது. கோச்கோர்பாயெவ் இத்தனை குழப்பத்திலும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, பாராட்டத்தக்கது. அவன் பெற்றோருக்குத் தனியாக நன்றி மடல் அனுப்பப்படுகிறது.

பெற்றோர் யார் என்பதில் சிக்கல் வந்தது. அப்போது கோச்கோர்பாயெவாக இருந்த தலை ஜுமாகுல் என்ற மேய்ப்பனின் கிடாயுடையது. அதைக் கேட்காமலே எடுத்துவிட்டார்கள். பட்டியின் நல்ல கிடாய் அது. ஜுமாகுல் குதிரையிலிருந்து இறங்காமலே பள்ளி முற்றத்துக்குள் வந்து, சகீனைச் சாட்டையால் முதுகு கிழிய விளாசினான்.

"எங்கடா எங் கிடா?"

"முதல் மாணவன் ஆயிட்டான் அண்ணே!" என்று கத்தினான் சகீன் தரையில் கிடந்தபடி. "மடல் வந்திருக்கு! தலைநகர்லேர்ந்து!"

சாட்டை நின்றது. ஜுமாகுல் மடலை வாங்கித் தொக்தோசுனிடம் கொடுத்து இரண்டு முறை படிக்கச் சொன்னான். 'தங்கள் மகனைப் போல் ஒரு மகன் ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும்' என்று அதில் இருந்தது. அவன் குரல் மாறியது. மடலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவனுக்கு அதே வகுப்பில் நிஜமாகவே ஒரு மகன் இருந்தான். பட்டியலில் கடைசி இடம். "அறுத்துப்போட்ட ஆடு படிக்குது, ஒனக்கென்னடா கேடு!" என்று கேட்டுக் கேட்டு அடித்ததில் பையன் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. அந்த மூன்று நாளும் அவன் இடத்தில் ஒரு தலையை வைத்தார்கள். அவனைவிட அது நன்றாகப் படித்தது.

ஆடு குட்டி போடும் பருவத்தில், வழியெல்லாம் பனி அள்ளும் வண்டியை முன்னால் விட்டுக்கொண்டு, மையத்தின் தலைவர் எசென்கான் நேரில் வந்தார். கோச்கோர்பாயெவுக்குப் பரிசு கொடுக்க வந்தார். கூடவே மாவட்டக் கல்வி அதிகாரி பெக்தூரும் வந்தார். உயிருள்ள விருந்தாளிகள் என்பதால் இரண்டு கிடா வெட்டினார்கள்.

சாப்பாட்டுக்கு முன் எசென்கான் எழுந்து பேசினார். பேச்சு நன்றாக இருந்தது.

"நான் பல வருஷமா அயல்மொழி மையத்துக்குத் தலைவரா இருக்கேன். ஒரு நாள்கூட ஒரு அயல்மொழியும் எனக்குத் தேவைப்பட்டதில்ல. நிர்வாகம் அவ்வளவு சுத்தமா நடக்குது. மொழி எதுக்கு? பேசறதுக்குன்னு சொல்வாங்க. பேசறவன யார் வேணாலும் உண்டாக்கலாம். சந்தைக்குப் போனா நூறு பேர் கெடைப்பான். பேசாதவன உண்டாக்குறதுதான் கல்வி. கேள்வி கேக்காம, கண் இமைக்காம, குளிருக்கு அடுப்பு கேக்காம ஒருத்தன் உக்காந்திருக்கான்னா, அவன்தான் நம்ம கனவு. கோச்கோர்பாயெவ் அந்தக் கனவு!"

எல்லாரும் கைதட்டினார்கள். தலை வந்தது.

தலை வந்ததும் தொக்தோசுனுக்குக் கை நடுங்கிற்று. அவரை மேஜையோடு கட்டுவதற்கு யாருமில்லை. பதவியில் எசென்கான் பெரியவர். வயதில் பெக்தூர் பெரியவர். தட்டை இருவருக்கும் நடுவில் வைத்து, மூக்கைச் சுவருக்குத் திருப்பிவிட்டுப் பின்வாங்கினார்.

"வயசுக்குத்தான் தலை" என்றார் பெக்தூர், தட்டைத் தன் பக்கம் இழுத்து.

"பதவிக்கு வயசு கிடையாது" என்றார் எசென்கான், தன் பக்கம் இழுத்து.

"நீ மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்சப்ப நான் அதிகாரிடா!"

"இன்னும் அதே அதிகாரிதானே நீ! ஒரு படி ஏறல!"

தலையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள். பெக்தூர் பிடித்த காது கையோடு வந்துவிட்டது. அதே கையால் அவர் எசென்கானின் வாயில் குத்தினார். எசென்கான் தட்டை எடுத்து அவர் மூக்கில் இறக்கினார். சூப்பும் கொழுப்பும் தெறித்து, நாற்காலிகள் சாய்ந்து, வாகன ஓட்டிகள் உள்ளே வந்து, தத்தம் அதிகாரிக்காக ஒருவரையொருவர் மண்டையில் அடித்துக்கொண்டார்கள். ஜுமாகுல் யார் பக்கம் என்று கேட்காமலே சாட்டையைச் சுழற்றினான். எல்லாம் ஓய்ந்தபோது பெக்தூர் மூக்கில் பனியை வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். எசென்கான் தலையை வென்றிருந்தார்.

சட்டையில் ரத்தத்தோடு, மூச்சு வாங்க, அவர் அந்தத் தலையின் கண் ஒன்றைத் தோண்டி வாயில் போட்டுக்கொண்டார். "சரி. எங்க எம் பையன்? கூப்பிடுங்க."

யாரும் அசையவில்லை. மென்பொருள் பார்த்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருக்கும்.

சகீன் எழுந்தான். "கோச்கோர்பாயெவ் ஆடுங்க ஐயா. நீங்க இப்ப மெல்லுறீங்களே, அது அவன் கண்ணு."

எசென்கானின் தாடை நின்றது. பிறகு, நிதானமாக, விழுங்கினார்.

"மென்பொருள் அவன மாணவன்னு சொல்லுது. நீ ஆடுன்னு சொல்றே. நீ யாரு?"

"உடற்பயிற்சி வாத்தியார்."

"அப்ப ஒனக்கு என்ன தெரியும்?"

சகீன் கொட்டகைக்கு ஓடினான். இரண்டு கோணியை இழுத்து வந்து மேஜையில் கவிழ்த்தான். உறைந்த தலைகள் குல்லாவும் துண்டுமாகக் கோப்பைகளை உடைத்துக்கொண்டு உருண்டன. "இதோ ஒங்க வகுப்பு! இதோ ரெண்டாம் இடம், தாடைய நாய் தின்னுடுச்சு! இதுங்க இளகக் கூடாதுன்னு எங்க புள்ளைங்கள நாங்க குளிர்ல கட்டிப் போட்டோம். எம் பொண்ண நானே கட்டிப் போட்டேன்! போதும். திரையத் தூக்கிட்டுப் போங்க. அடுப்ப மூட்டிக்கிறோம், எங்களுக்குத் தெரிஞ்சத நாங்களே சொல்லிக் குடுத்துக்கிறோம்."

எசென்கான் தலைகளைப் பார்த்தார். பெரிய மனிதர்களுக்கு யோசனை எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது.

"இதுங்கதான் மதிப்பெண் எடுக்குதுங்க" என்றார் மெதுவாக. "சராசரியக் கெடுக்குறது யாரு? அசையுறவங்க. அப்ப எதை வச்சிக்கணும், எதை அனுப்பணும்?" கையைத் துடைத்துக்கொண்டார். "பள்ளிக்கூடம் இருக்கும். முன்மாதிரிப் பள்ளி. தலை இருபதுக்குக் கொறையாம பாத்துக்கங்க. மத்தவங்கள விடுதிப் பள்ளிக்கு ஏத்துங்க."

சகீன் மேஜை மேல் பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்தான். அதை அவன் நெடுநேரம் பிடிக்க முடியவில்லை. சற்றுமுன் அடித்துக்கொண்ட இரண்டு அதிகாரிகளின் ஆட்களும் உடனே ஒற்றுமையானார்கள். அவனைக் கீழே தள்ளி விலாவில் மிதித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. தொக்தோசுன் அழுதுகொண்டே அவன் கழுத்தின் மேல் காலை வைத்து, "ஒம் பொண்ணுக்காகத்தானேடா செஞ்சோம், ஒம் பொண்ணுக்காகத்தானே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே வண்டி வந்தது. பெர்மெத்தை இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள். அவள் ஒருவன் கையைக் கடித்தாள், அவன் அறைந்தான். சகீன் எழுந்து நிற்க முடியாமல் முற்றத்துப் பனியில் கிடந்தபடி அந்த அறையைக் கேட்டான். அன்று மாலை விழுந்த பனியில் கணவாய் மூடிக்கொண்டது.

மையம் அவனை வேலையை விட்டு நீக்கவில்லை. தலைகளைத் தூக்கி வைக்க ஆள் வேண்டுமே. அவனும் போனான், விலாவில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஒரு பாடம் தவறாமல் போனான். ஏனென்றால் விடுதிப் பள்ளியிலும் அதே மையத்தின் அதே பாடம்தான். திரையின் ஓரத்தில் கட்டம் கட்டமாக மற்றப் பள்ளிகள் தெரியும். அதில் ஒரு கட்டத்தில், மூன்றாம் வரிசையில், பெர்மெத் இருந்தாள். இருபது தலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவன் தன் மகளைப் பார்த்தான்.

முதல் வாரம் அவள் கன்னம் வீங்கியிருந்தது. அடுத்த வாரம் தலைமுடியை யாரோ கண்டபடி வெட்டியிருந்தார்கள். அதற்கடுத்த வாரம் பின்னால் யாரோ நடந்துபோனபோது அவள் கையைத் தூக்கி முகத்தை மறைத்ததை அவன் பார்த்தான். இந்தக் கையை அவன் ஏற்கெனவே அண்ணன் வீட்டில் பார்த்திருக்கிறான்.

அன்று குல்சாரா அம்மாள் நல்ல மனநிலையில் இருந்தார். "விடுதிப் பள்ளியோட ஒலிவாங்கிய ஒரு நிமிஷம் திறக்குறேன். கத்துக்கிட்டத யாராவது ஒருத்தர் ஜெர்மன்ல சொல்லுங்க பாக்கலாம்."

பெர்மெத் எழுந்தாள். உதடு கிழிந்திருந்தது. வாயைத் திறந்தபோது முன்பல் இருந்த இடம் தெரிந்தது. அவள் ஆசிரியையைப் பார்க்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தாள். அடுப்படியில் பாடுவாளே, அதே சுத்தத்தோடு, ஜெர்மனில் கேட்டாள்:

"நான் பேசுவது கேட்கிறதா?"

"அருமை!" என்றார் குல்சாரா.

"கேக்குதும்மா" என்றான் சகீன். கரா-சாயின் ஒலிவாங்கி பூட்டியே இருந்தது. "கேக்குது! கேக்குது பெர்மெத்! அப்பா வர்றேன்!" தொண்டை கிழியக் கத்தினான். திரையில் அவள் இன்னும் காத்துக்கொண்டு நின்றாள். யாரோ அவள் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்கள்.

சகீன் எழுந்தான். கிடா அறுக்கும் கத்தியை மேஜையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினான். வெளியே லாயத்தில் குதிரையை அவிழ்த்தான். கணவாயில் பனி மார்பளவு கிடந்தது. முறிந்த விலாவோடு குதிரையில் ஏறியபோது வலியில் கண் இருண்டது. ஆனாலும் ஏறிக்கொண்டான்.

உடைந்த ஜன்னல் வழியாகக் குல்சாரா அம்மாளின் குரல் முற்றம் வரை வந்தது.

"கரா-சாய் வகுப்பப் பாருங்க எல்லாரும். இன்னைக்கும் ஒருத்தர்கூட அசையல."